கெட்ட பழக்கம் இல்லாதவன்

என் மனைவியின் உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே வந்த வருடங்களில் நான் பேனா வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வரியைச் சொல்வதற்கு எனக்கு வெகுநாள் ஆயிற்று. வெட்கம் ஒரு காரணம். என் பெயர் இன்னொரு காரணம். குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவார், ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனுஷன் என்று உறவிலும் அலுவலகத்திலும் என்னைப் பற்றிச் சொல்வார்கள். மற்றவர்கள் நம்பியதைவிட அதிகமாக அந்தப் பெயரை நான் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என் கண்ணை மறைத்தது.

மைப்பேனா என் பித்து. பள்ளிக்கூடத்தில் ஹீரோ பேனாவில் ஆரம்பித்து, வேலைக்கு வந்த பிறகு கட்டுக்கு அடங்காமல் வளர்ந்தது. திருவள்ளூரில் எபோனைட் குச்சிகளைக் கடைசல் பிடித்துக் கையாலேயே பேனா செய்கிறார்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுகவைத்த பொருள் எபோனைட். பிளாஸ்டிக்கைப் போல வழுக்காது; கொஞ்ச நேரம் எழுதினால் விரலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து ஜப்பான் பேனாக்களுக்குப் போனேன். 14 காரட் தங்க நிப். அதன் நுனியில் மட்டும் தங்கம் இருக்காது, காகிதத்தில் உரசித் தேயாமல் இருக்க இரிடியம் வகைக் கடின உலோகத்தில் ஒரு துளி வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தத் துளி நடுவில் சரியாகப் பிளந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரங்களில் நான் அடைந்த சந்தோஷம் பொய்யில்லை. இப்போதும் பேனாவைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பணத்துக்கு ஒரு வழி வைத்திருந்தேன். மாதச் சம்பளம் வீட்டுக்கு. போனஸ், அரியர், பயணப்படி, விடுப்பை ஒப்படைத்து வாங்கும் தொகை என்று சம்பளத்துக்கு மேல் வருவதெல்லாம் என்னுடையது. இப்படித் தீர்மானித்தது நான் மட்டும்தான். மனைவியிடம் கேட்டதில்லை. அவளும் மறுத்துப் பேசவில்லை. 12,000 ரூபாய்க்கு ஒரு பேனா வந்து இறங்கும்போது, ‘குடிக்கிறேனா, கூத்தடிக்கிறேனா, ஒரு பேனாதானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். செய்யாத தப்புகளுக்கெல்லாம் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசு அந்தப் பேனாக்கள்.

வீட்டுச் செலவுக்கு ஒரு நோட்டு உண்டு. பால், மளிகை, காய், கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றையும் நானே அழகான கையெழுத்தில், நல்ல மையில் எழுதுவேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து எங்கே கூடியிருக்கிறது என்று அடிக்கோடு போடுவேன். அப்படி ஒரு மாதம் அடிக்கோடு போட்ட இடம், அவள் வாங்கச் சொல்லும் நாப்கின் பாக்கெட். முன்பு ஒன்று வாங்கியது மூன்றாகியிருந்தது. “இது எதுக்கு இவ்வளவு ஆகுது?” என்று கேட்டேன். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. விலை ஏறிவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அடுத்த மாதச் சீட்டில் மறுபடி ஒன்று என்று எழுதியிருந்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அவள் பழைய காட்டன் புடவையைக் கிழித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள் என்பது ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவள் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதியவன் நான். அந்த நோட்டில் அவளுடைய நோய் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நான் அதைச் செலவாக மட்டும் படித்தேன்.

திருச்சியில் நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. காய் வாங்கிக்கொண்டு வரும்போது முதல் மாடித் திருப்பத்தில் பையை வைத்துவிட்டு நிற்பாள். பிறகு இரண்டாவது மாடியிலும் நிற்க ஆரம்பித்தாள்.

“என்னங்க, மாடி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது.”

“வெயிட் போட்டுட்டே, அதான். காலையில கொஞ்சம் வாக்கிங் போ.”

இதுதான் நான் சொன்ன பதில். உடம்பில் ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது குறைந்தால், இருக்கிற கொஞ்சத்தை வைத்து உடம்பு முழுக்கச் சேர்க்க இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். வாக்கிங் போகச் சொன்னால் அந்த இதயத்துக்கு இன்னும் பாரம். அவள் போனாள். கொஞ்ச நாள் போய்விட்டு, முடியவில்லை என்று நிறுத்தினாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்; ஒருமுறை அதை வாய்விட்டும் சொன்னேன்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது அரிசி. மாவுக்கு ஊறப்போடுவதற்கு அரிசி களையும்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். முதலில் ஒரு கை, பிறகு டம்ளரில் எடுத்துவைத்துக்கொண்டு டிவி பார்த்தபடியே மென்றுகொண்டிருப்பாள். நறநற என்று சத்தம் கேட்கும். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று நம் ஊரில் பெண் பிள்ளைகளைச் சொல்வார்கள் இல்லையா, அதைச் சொல்லி நான் சிரித்தேன். “உன் கல்யாணம் முடிஞ்சு போச்சு. இனிமே மழை உன் மக கல்யாணத்துக்குத்தான்” என்றேன். அவளும் சிரித்தாள். விருந்தாளிகள் வந்தபோதும் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

பச்சரிசி, விபூதி, சாக்பீஸ், செங்கல் தூள், ஐஸ் கட்டி என்று சாப்பாடு அல்லாததன் மேல் அடக்க முடியாத ஆசை வருவது இரும்புச் சத்துக் குறைவின் பழைய, நன்கு தெரிந்த அடையாளங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் மழையைச் சொல்லி மிரட்டப்பட்ட எத்தனையோ சிறுமிகளுக்கு ரத்தசோகை இருந்திருக்கும். உடம்பு கேட்ட உதவியைத் தின்பண்ட ஆசை என்று நினைத்துவிட்டோம். ஊர் நினைத்தது அறியாமை. ஆனால் என் கையில் போன் இருந்தது. ஒரு பழைய பேனாவின் நிப் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று ராத்திரி ஒரு மணிவரை தேடத் தெரிந்த எனக்கு, ‘பச்சரிசி சாப்பிடும் ஆசை எதனால்’ என்று தேடத் தோன்றவில்லை.

அவள் நகங்களும் மாறியிருந்தன. கட்டைவிரல் நகத்தின் நடுப்பகுதி பள்ளமாகி, ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும், அப்படி ஒரு குழிவு. நீண்ட நாள் இரும்புச் சத்து இல்லாமல் போனால் நகம் இப்படி ஆகும். தினமும் காலையில் அந்தக் கையிலிருந்துதான் டீ டம்ளரை வாங்கினேன். மயிரிழை கோணலைக்கூடக் கண்டுபிடிக்கும் என் கண்ணுக்கு, அரை அடி தூரத்தில் இருந்த அந்த நகம் தெரியவில்லை.

ஒருமுறை அவளே தெருமுனை கிளினிக்குக்குப் போனாள். டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். “டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க” என்று சீட்டைக் காட்டினாள். “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றேன். அந்த ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் ஆகும். என் மேஜையில் இருந்த ஒரு மை பாட்டிலின் விலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தால் அந்தக் காசும் வேண்டாம். பணம் இல்லாமல் தள்ளிப்போடவில்லை. அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கடமையாக ஒரு டப்பா பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். அதில் பாதியை நான் தின்றேன்.

மாத்திரையை அவள் காலை டீயோடு விழுங்குவாள். இங்கே என் குற்றத்தில் ஒரு பகுதி, வேறு யாரைவிடவும் எனக்கே உரியது. மை பற்றி எனக்குத் தெரியும். அன்னபேதியையும் கடுக்காயையும் சேர்த்து அந்தக் காலத்தில் கருப்பு மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட் என்னும் இரும்பு உப்பு. கடுக்காயில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, காற்றுப் பட்டதும் கறுத்து, தண்ணீர் பட்டாலும் லேசில் போகாத மையாக நிற்கும். ஐரோப்பாவில் மாசிக்காயை வைத்து இதே வழியில்தான் நூற்றாண்டுக் கணக்காக மை செய்தார்கள். இந்த மையைப் பேனாவில் விட்டால் உடனுக்குடன் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீல் நிப்பை அரித்துவிடும் என்று பேனாப் பிரியர்கள் பலருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரைகள் பலவற்றில் இருப்பது அதே ஃபெரஸ் சல்ஃபேட். டீயில் இருப்பதும் டானின் வகைப் பொருள்தான். இரண்டும் வயிற்றில் சந்தித்தால் இரும்பில் ஒரு பகுதியை டீ பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. மாத்திரையை வெறும் வயிற்றில், முடிந்தால் எலுமிச்சைச் சாற்றோடு எடுக்க வேண்டும். டீ, காபி பக்கத்திலேயே வரக்கூடாது, ஒன்றிரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். என் மனைவி விழுங்கிய இரும்பில் எவ்வளவு வீணாய்ப் போயிற்றோ! மாத்திரை ஒரு கையிலும் டீ டம்ளர் மறு கையிலுமாக அவள் என் எதிரில்தான் நிற்பாள். தேவையான அறிவு முழுவதும் என் தலைக்குள் இருந்தது. அவள் பக்கம் அதைத் திருப்ப எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் அறிவெல்லாம் பேனாவுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

கடைசியில் அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனது நான் இல்லை. கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள், வாசலில் நின்று அம்மாவின் உதட்டைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இப்படி வெளுத்துப் போயிருக்கே?” என்று கேட்டு, மறுநாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு போனாள். மதியம் லேபிலிருந்தே போன் வந்துவிட்டது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்று. ஹீமோகுளோபின் 6.2. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 8க்குக் கீழே போனால் கடுமையானது. 7க்குக் கீழே போகும்போது ரத்தம் ஏற்றுவது பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து டாக்டர் கேட்ட கேள்விகள் எதற்கும் என்னிடம் பதில் இல்லை. மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது? கட்டிகட்டியாகப் போகிறதா? ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? எத்தனை மாதமாக? இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறோம். ஏழு நாளுக்கு மேல் போனால் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அவளுக்குப் பத்து நாள் போயிருக்கிறது. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி என்று வந்தது. புற்றுநோய் இல்லை, கருப்பையின் தசையில் வளர்கிற சாதாரணக் கட்டி, நிறையப் பெண்களுக்கு வருவது, சிகிச்சை உள்ளது என்று டாக்டர் சொன்னார். அன்று ராத்திரி ரத்தம் ஏற்றினார்கள். யாரென்றே தெரியாத யாரோ கொடுத்த ரத்தம், சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்போதும் நான் கேட்டேன்: “இவ்வளவு இருந்தும் நீ ஏன் என்கிட்ட சொல்லல?”

கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தாள். “சொன்னேனே. நீங்க வாக்கிங் போகச் சொன்னீங்க.”

அதற்குப் பிறகு எனக்குப் பேச வாய் வரவில்லை. ‘அவளுக்கு வேணும்னா கேட்பா, நான் எதையும் மறுக்கிறவன் இல்லை’ என்பதுதான் அதுவரை என் நியாயம். மறுக்காதவன் என்று பெருமைப்பட்டவன், ஒருவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் எத்தனை முறை தயங்குவார் என்பதை யோசிக்கவில்லை. என் பேனாவுக்கு நான் யாரிடமும் கேட்க வேண்டியிருந்ததில்லை. அவளோ ஒரு ரத்தப் பரிசோதனைக்குக்கூடச் சீட்டை நீட்டி என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இதில் வீட்டில் யார் யாருக்கு என்ன குறை வைத்தார்கள் என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். அதே வயது ஆண்களில் நாடு முழுவதும் 25 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை, ஆணுக்கு 19. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டியவள் எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டாள். ஈரலோ கீரையோ எனக்கும் மகளுக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவாள். அதைப் பார்த்து, ‘எங்க அம்மாவும் இப்படித்தான்’ என்று நெகிழ்ந்திருக்கிறேன். நெகிழ்ந்தேனே தவிர, என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்றால், அவர்களுடைய கணவன்மார் எல்லோரும் குடிகாரர்களாகவோ கொடுமைக்காரர்களாகவோ இருக்க முடியாது. என்னைப் போன்றவர்கள்தான் நிறைய இருப்பார்கள். சம்பளத்தைக் கொடுக்கிறோம், சண்டை போடுவதில்லை, நாலு பேரிடம் நல்ல பெயர் இருக்கிறது. அதனால் நம்மை யாரும் கேள்வி கேட்பதில்லை, நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. நான் குடிக்காமல் இருந்ததால் என் மனைவிக்கு ஒரு கிராம் ஹீமோகுளோபின்கூட ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேனாக்களை விற்றுவிடப்போகிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். “அதை எதுக்கு விக்கிறீங்க? அதுவா என்னைப் பார்க்காம இருந்துச்சு?” என்றாள். பெட்டியை மூடிவிட்டேன். விற்றிருந்தால் என் குற்றவுணர்வு குறைந்திருக்கும். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தவறு பேனாவில் இல்லை, என் கவனம் முழுவதையும் அதற்கே கொடுத்ததில் இருக்கிறது. கவனம் எங்கே போகிறதோ அங்கேதான் பணமும் பின்னால் போகும் என்பதை என் செலவு நோட்டைப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது சம்பளத்துக்கு மேல் வருகிற பணத்துக்கும் அவளிடம் கணக்குச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் மாதம் ஆளுக்கு ஒரே தொகை, கேள்வி கிடையாது. உனக்கு என்ன ஆசை, என்ன வாங்கிக்கொள்ளப்போகிறாய் என்று கேட்டேன். “ஒண்ணும் வாங்க வேணாம். மத்தியானம் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாம தூங்கணும்” என்றாள். அதுவும் என்னால் முன்பே கொடுத்திருக்கக்கூடியது, காசும் வேண்டியதில்லை. கட்டிக்கு அவளே டாக்டரிடம் பேசி, ஆபரேஷனா மருந்தா என்று அவளே முடிவு செய்தாள். மாத்திரையை நான் நேரம் பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று உடனே நிறுத்திவிடக்கூடாது, உடம்பின் சேமிப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதமாவது தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அரிசி தின்னும் ஆசை தானாகவே போய்விட்டது. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறுகிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதை முடித்தால் இந்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும். உடம்புக்கு முடியவில்லை என்றால் இப்போதும் அவள் முதலில் மகளுக்குத்தான் போன் செய்கிறாள். எனக்குப் பிறகுதான் தெரியவருகிறது. பல வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பலனில்லாமல் போனவளுக்கு, இனிமேல் சொல்லலாம் என்ற நம்பிக்கை சில மாதத்தில் வந்துவிடாது. அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் எனக்கு இல்லை.

என்னைப் போல நல்ல பெயர் எடுத்த ஆண்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மனைவியின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஏதாவது இருந்தால் அவளே சொல்வாள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அவள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள்.